பேட்டன் எங்கே நழுவுகிறது

குறுவட்டப் போட்டியில் 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் தொடங்கினால், கோட்டுக்கு வெளியே நிற்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் கத்துவார்கள்: "ஓடு, ஓடு!" பிள்ளைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நேரம் போவது பேட்டன் (ஒருவர் அடுத்தவரிடம் கொடுக்கும் குழாய்) கை மாறும் இடத்தில். ஒரு மாணவியின் 100 மீட்டர் நேரத்தை இரண்டு வாரத்தில் பெரிதாகக் குறைத்துவிட முடியாது. பேட்டன் மாற்றுவதை அதே இரண்டு வாரத்தில் தலைகீழாக மாற்றலாம்.

உங்கள் அணி எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு கணக்குப் போதும். நாலு பேரின் தனி 100 மீட்டர் நேரத்தைக் கூட்டி, அதிலிருந்து ரிலே (தொடர் ஓட்ட) நேரத்தைக் கழியுங்கள். 13.0, 13.2, 13.4, 12.8 என்றால் மொத்தம் 52.4. ரிலே 51.8 வந்தால் மிச்சம் 0.6 விநாடிதான், மாற்றம் மோசம் என்று அர்த்தம். மூன்று பேர் ஏற்கெனவே ஓட்டத்தில் இருக்கும்போது பேட்டனை வாங்குவதால், நல்ல அணிக்கு 2 விநாடியாவது மிச்சமாக வேண்டும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஜப்பான் ஆண்கள் அணி 37.60 விநாடியில் வெள்ளி வாங்கியது. அந்த நால்வரில் ஒருவர்கூட அதுவரை 100 மீட்டரை 10 விநாடிக்குள் ஓடியதில்லை. தனி நேரங்களைக் கூட்டினால் 40 விநாடிக்கு மேல் போகும்.

பேட்டன் கை மாற வேண்டிய மாற்றப் பகுதி இப்போது 30 மீட்டர். 2017 வரை 20 மீட்டர் பகுதியும், அதற்கு முன்னால் வேகம் எடுக்க 10 மீட்டரும் தனித்தனியாக இருந்தன. விதி மாறியதும் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பழைய அடையாளம் உள்ள மைதானத்தில் அந்த 10 மீட்டர் கோட்டையே பகுதியின் தொடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். ஒன்றைப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்: கை மாறும்போது பகுதிக்குள் இருக்க வேண்டியது பேட்டன். அந்த நொடியில் காலோ உடம்போ எங்கே இருக்கிறது என்று நடுவர் பார்ப்பதில்லை.

இனி முக்கியமானது, செக் மார்க். வாங்குபவர் பகுதியின் தொடக்கக் கோட்டுக்குள் நின்றுகொண்டு, கொடுப்பவர் வரும் திசையில் தன் பாதத்தாலேயே குதிகாலோடு விரலை ஒட்டி அளந்து ஓர் அடையாளம் வைக்கிறார். கொடுப்பவர் அதைத் தாண்டும் நொடியில் கிளம்ப வேண்டும். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எத்தனை அடி என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்ல முடியாது. பள்ளி அணிக்கு 20 அடியில் தொடங்குங்கள். முதல் முயற்சியில் பெரும்பாலும் கொடுப்பவர் வந்து முதுகில் இடிக்காத குறையாக நிற்பார். பயப்பட வேண்டாம், அப்படித்தான் ஆகும். இரண்டிரண்டு அடியாகத் தள்ளிக்கொண்டே போங்கள். கை மாறும் இடம் 30 மீட்டரில் 18-லிருந்து 24-க்குள் விழும்போது நிறுத்துங்கள். முடிவில் 25 அடிக்கு மேல் போவது சகஜம். அந்த இடம் ஏன் என்றால், அதற்கு முன்னால் வாங்குபவர் இன்னும் வேகம் எடுக்கவில்லை. அங்கே கொடுத்தால் பேட்டனும் அவர் வேகத்துக்கு இறங்கிவிடும். 24-ஐத் தாண்டினால் தவறைத் திருத்திக்கொள்ள இடமில்லை.

பழுது பார்ப்பதும் இதே கணக்குதான். கொடுப்பவர் வந்து நெருக்கினால் வாங்குபவர் தாமதமாகக் கிளம்புகிறார். அடையாளத்தை ஓர் அடி தள்ளுங்கள். எட்டவே முடியாமல் கையை நீட்டிக்கொண்டு துரத்தினால் ஓர் அடி கிட்டே கொண்டுவாருங்கள். ஆனால் மாற்றுவதற்கு முன்னால் வாங்குபவர் அடையாளத்தைப் பார்த்துத்தான் கிளம்பினாரா என்று பாருங்கள். முக்கால்வாசி நேரம் அளவு சரியாகவே இருக்கும். பிள்ளை பதற்றத்தில் முன்னமே பாய்ந்திருக்கும். அதற்கு அளவை மாற்றினால் மறுநாள் எல்லாம் குழம்பும். உலகத் தரத்திலும் இது நடக்கிறது. 2024 பாரிஸில் அமெரிக்க ஆண்கள் அணியின் முதல் மாற்றத்தில் வாங்குபவர் சீக்கிரம் கிளம்பினார், பேட்டன் பகுதிக்கு வெளியே கை மாறியது, அணி நீக்கப்பட்டது.

கை விஷயம் எளிது. முதல் ஆள் வலக்கை, இரண்டாமவர் இடக்கை, மூன்றாமவர் வலக்கை, நாலாமவர் இடக்கை. வளைவில் ஓடும் ஒன்றும் மூன்றும் லேனின் உள் ஓரம். இரண்டும் நாலும் வாங்கும்போது வெளி ஓரம். யாரும் நடுவில் கை மாற்றக் கூடாது. வாங்குபவர் திரும்பிப் பார்ப்பதுதான் பள்ளிகளில் பெரிய வியாதி. தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் கால் தடுமாறும். குரல் கேட்டதும் கையைப் பின்னால் நீட்டி அசையாமல் வைக்க வேண்டும். குரல் வருவதற்கு முன்பே கையை நீட்டிக்கொண்டு ஓடுகிறவர் வேகம் எடுக்க மாட்டார். குரலும் ஓரசைதான், ஆனால் உங்கள் அணிக்கென்று தனியாக இருக்கட்டும். எட்டு லேனிலும் "ஹேண்ட்" என்று கத்தினால் பக்கத்து லேன்காரருக்கு உங்கள் பிள்ளை கை நீட்டும். கொடுப்பவர் குரல் கொடுத்துவிட்டு, கை நிலைத்ததைப் பார்த்து, உள்ளங்கைக்குள் அழுத்த வேண்டும். குரலோடு சேர்த்துக் குத்தக் கூடாது. இன்னொன்று: கொடுக்கப் போகிறோம் என்றதும் வேகத்தைக் குறைக்கும் பழக்கம். "அவரைத் தாண்டி ஓடு" என்று சொன்னால் புரியும்.

பயிற்சிக்கு நாலு பேரையும் ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நிற்க வைத்து, நின்றபடியே கை வீசி மாற்றச் சொல்லுங்கள். பிறகு நடந்து, பிறகு மெதுவோட்டத்தில். இதெல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். முழு வேகத்தில் ஒரு ஜோடிக்கு ஒரு நாளில் 4 முதல் 6 முறைதான், நடுவில் 3, 4 நிமிட ஓய்வோடு. அதற்கு மேல் போனால் கொடுப்பவர் களைத்து மெதுவாவார். அந்த மெதுவுக்குப் பொருந்தும் அளவு போட்டியன்று பொய்யாகிவிடும். கொடுப்பவர் குறைந்தது 60 மீட்டராவது ஓடி வர வேண்டும். 20 மீட்டர் ஓடி வந்து வைத்த அடையாளம் எதற்கும் உதவாது. முடிந்தால் பேட்டன் அந்த 30 மீட்டரைக் கடக்கும் நேரத்தை போனில் படம் பிடித்து அளந்து பாருங்கள். கைகளைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதைவிட இது நம்பகமானது.

பேட்டன் இல்லையா? 40 மி.மீ. வெளிவிட்டமுள்ள பிவிசி பைப்பை 30 செ.மீ.க்கு வெட்டி, முனைகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொள்ளுங்கள். நீளம் 28–30 செ.மீ., எடை 50 கிராமுக்குக் குறையாமல் என்ற விதிக்கு அது பொருந்தும். விறகுக் குச்சியில் பழகிவிட்டுப் போட்டியில் வழவழப்பான குழாயைப் பிடித்தால் நழுவத்தான் செய்யும்.

வரிசைக்கு வருவோம். வேகமான ஆளைக் கடைசியில் வைப்பது பழைய வழக்கம். அவரை இரண்டாவதாக வைத்துப் பாருங்கள். நடுவில் உள்ள இருவரும் வேகம் எடுக்கும் தூரத்தையும் சேர்த்து 130 மீட்டர் வரை ஓடுகிறார்கள், கடைசி ஆள் 120தான். முதல் ஆளுக்குப் புறப்பாடும் வளைவும் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

போட்டியன்று காலையில் அடியை மறுபடி அளக்கச் சொல்லுங்கள். பழகும்போது வெறுங்கால், இன்று ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டக் காலணி) என்றால் அடியின் நீளமே வேறு. கொடுப்பவர் வரும் நேர்ப்பாதையில் எதிர்க்காற்று இருந்தால் ஓர் அடி குறைக்கலாம். ஒட்டும் டேப்பின் அளவு 5×40 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது, ஒரே ஒரு அடையாளம்தான். பேட்டன் விழுந்தால் தவறவிட்டவர்தான் எடுக்க வேண்டும், இன்னொருவர் பாய்ந்து எடுத்தால் அணி நீக்கம். இதைப் போட்டிக்கு முந்தைய இரவு அல்ல, முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.