அக்காவின் கட்டைவிரல்

காலை பதினொரு மணிக்கு கோரிமேட்டு டீக்கடையில் அக்கா நிற்கிறாள். ஆய்வகத்தில் அந்த நேரத்துக்குத் தலையே நிமிர மாட்டாளே!

"மிஷின் ஊத்திக்கிட்டு இருக்குடா. முடிஞ்சா சத்தம் கொடுக்கும்" என்றபடி டீயை ஆற்றினாள்.

அவள் வேலை பார்ப்பது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில். 8 வரிசை, வரிசைக்கு 12 குழி, மொத்தம் 96. பிசிஆர் என்ற மரபணுச் சோதனைக்கு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டைவிடக் குறைந்த திரவம். நாலு வகை திரவத்தைத் தனித்தனியாக விட வேண்டுமென்றால், திரவத்தை அளந்து விடும் பிப்பெட் என்ற குழாயைக் கட்டைவிரல் குறைந்தது 384 தடவை அழுத்த வேண்டும். அதுவும் ஒரே தட்டுக்கு.

நடுவில் யாராவது "சாப்ட்டியா?" என்று கேட்டால் போச்சு. எந்தக் குழி வரை வந்தோம் என்பது மறந்துவிடும்.

ராத்திரி அவள் விரலுக்குத் தைலம் தேய்த்துக்கொள்வதைப் பல வருஷமாகப் பார்க்கிறேன். வீட்டு வேலையால் என்றே நினைத்திருந்தோம்.

இப்போது இயந்திரக் கை ஊற்றுகிறது. எந்தக் குழியில் எது, எப்போது விழுந்தது என்பது கணினியில் பதிவாகிறது. கை நடுக்கமும் இல்லை, சாயங்காலச் சோர்வும் இல்லை.

"அப்போ உன் வேலை?"

"சாம்பிளை ஒழுங்கா எடுத்தாங்களான்னு யார் பாக்குறது? தப்பான சாம்பிளை வச்சா, தப்பான ரிசல்ட்டை ரொம்ப சுத்தமா கொடுக்கும் அது."

இந்த இயந்திரங்களின் விலை சின்னக் கல்லூரிகளுக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் கடலூர் பக்கத்துக் கல்லூரிகளில் ஒரே அழுத்தலில் எட்டுக் குழிக்கு ஊற்றும் எட்டு முனை பிப்பெட் ஒன்று வாங்கிப் போட்டாலே, 96 அழுத்தல் 12 ஆகிவிடும். மாணவர்களின் விரலுக்காக முதலில் அதையாவது செய்யலாம்.