ஆச்சி கப்பலுக்குக் கிளம்புகிறார்

பிப்ரவரி 4, புதன், காரைக்குடி

என் அக்கா பெரிய ஆச்சியும் அவர் கணவர் அத்தானும் கப்பலில் போவது முடிவாகிவிட்டது. 27ஆம் தேதி சிங்கப்பூரில் ஏறி, பினாங்கும் புக்கெட்டும் பார்த்துவிட்டு மார்ச் 3 அன்று மறுபடி சிங்கப்பூரிலேயே இறங்குகிறார்கள். அங்கே வேலை பார்க்கும் மகள் பணம் கட்டிவிட்டாள். அவளுக்கு லீவு கிடைக்காததால் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான் போகிறார்கள். இதே வழியில் நான் போய் வந்திருப்பதால், தயார் செய்து அனுப்பும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். நம் பக்கத்துப் பெரியவர்கள் நிறையப் பேர் இப்போது இப்படிக் கிளம்புகிறார்கள். டிக்கெட் போட்டுக் கொடுக்கப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அதனால் ஆச்சிக்குச் சொல்வதை அப்படியே இங்கேயும் எழுதி வருகிறேன்.

முதலில் அறை. ஜன்னல் இல்லாத உள் அறைதான் விலை குறைவு. பகல் முழுக்க மேல்தளத்தில் இருக்கப் போகிறவர்களுக்கு அதுவே போதும். அறை எந்த இடத்தில் என்பதுதான் முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளம் ஒன்றில் கிடைத்தால் ஆட்டம் குறைவாகத் தெரியும். முன்முனையிலும் உச்சித் தளத்திலும் அதிகமாகத் தெரியும். மகளிடம் சொல்லி மாற்றச் சொன்னேன், இடம் இருந்தது.

பிப்ரவரி 8, ஞாயிறு

இன்று காகிதங்கள். வளவில் பாய் விரித்து எல்லாவற்றையும் பரப்பினோம். பாஸ்போர்ட் திரும்பி வரும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 6 மாதம் செல்ல வேண்டும். அத்தானுடையது அடுத்த ஆண்டு வரை இருக்கிறது, சரி.

கவனிக்க வேண்டியது சிங்கப்பூர் விசா. இவர்கள் விமானத்தில் ஒருமுறை சிங்கப்பூருக்குள் நுழைகிறார்கள். கப்பல் சுற்றி வந்ததும் இரண்டாம் முறை நுழைகிறார்கள். ஆகவே பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாதானா என்று அச்சடித்த தாளில் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். எஸ்ஜி அரைவல் கார்டு என்ற இணையப் படிவமும் அப்படித்தான். சிங்கப்பூர் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்ப வேண்டும், கப்பலில் திரும்பும்போது இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். அரசு தளத்தில் அதற்குக் கட்டணமே கிடையாது. பணம் கேட்கும் தளம் வந்தால் மூடிவிடுங்கள். மற்ற நாட்டு விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், இறங்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் அந்த நாட்டு அரசு தளத்தில் பார்த்துவிடுவது நல்லது.

சில கப்பல்களில் ஏறும்போதே பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பதற வேண்டாம், இறங்கும்போது தருவார்கள். நகல் இரண்டு எடுத்து ஆளுக்கு ஒன்றாக வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12, வியாழன்

மருந்து. இதை அவசரப்படாமல் சொல்கிறேன்.

கடல் குமட்டலுக்கு நம் ஊரில் எல்லோரும் கேட்டு வாங்குவது அவோமின். அது ப்ரோமெதசின் வகை மருந்து. வாந்தி வந்த பிறகு போட்டால் அவ்வளவாக வேலை செய்யாது, கப்பல் ஆடுவதற்கு முன்பே போட வேண்டும். தூக்கம் வரும். அத்தானுக்கு ப்ராஸ்டேட் தொந்தரவு இருக்கிறது. இந்த வகை மருந்து சிலருக்குச் சிறுநீரை அடைத்துவிடும். கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. அதனால் கடையில் கேட்டு வாங்காமல், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே அழைத்துப் போனேன். அத்தானுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், ஆச்சிக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். அத்தானுக்குச் சுக்கும் இஞ்சி மிட்டாயும். மலாக்கா நீரிணையில் ஒரு பக்கம் சுமத்திரா தடுத்து நிற்பதால் பெரிய அலை குறைவு. அதைத் தாண்டி புக்கெட் பக்கமும் இந்த மாதங்களில் கடல் அமைதியாகத்தான் இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில்தான் அங்கே கொந்தளிப்பு.

தலை சுற்றினால் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு போனைப் பார்க்கக் கூடாது. வெளியே வந்து தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பார்க்க வேண்டும். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது.

சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடும் டாக்டர் சீட்டோடும் எடுத்துப் போக வேண்டும். திரும்பும் நாளுக்கு மேல் ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்தேன். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து போன்றவற்றை சிங்கப்பூருக்குள் கொண்டுபோக முன் அனுமதி தேவைப்படலாம். ஆச்சி இரவில் போடும் மாத்திரை அந்த வகையா என்று டாக்டரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டோம், இல்லை.

இன்னொன்று, கப்பல் ஆஸ்பத்திரியில் காட்டினால் கட்டணம் அதிகம், நேராகக் கணக்கில் ஏறிவிடும். இங்கே நாம் வைத்திருக்கும் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் அங்கே செல்லாது. அவசரத்தில் கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீடு எடுங்கள். டிக்கெட் செலவோடு சேர்த்து இதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஆச்சி வீட்டில் பலகாரம் சுடும் வாசனை தெரு முனைக்கே வந்தது. தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை. மகளுக்கு எடுத்துப் போகட்டும், கப்பலுக்குள் வேண்டாம் என்றேன். வீட்டில் செய்த பண்டத்தைப் பெரும்பாலான கப்பல்கள் ஏற்பதில்லை. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் என்றால் பொதுவாக விடுவார்கள்.

அப்புறம் எடுத்தார் பாருங்கள், குருமாவுக்கு அரைத்த மசாலாப் பொட்டலம். அதில் கசகசா இருக்கிறது! சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள், போதைப்பொருள் சட்டத்தோடு சம்பந்தப்பட்டது. “இம்புட்டுக் கசகசாவுக்கா?” என்றார் ஆச்சி. ஆமாம் ஆச்சி, இம்புட்டுக்கும்தான். நம் மசாலாவில் கசகசா இல்லாத வீடு குறைவு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பொடி, பொட்டலம் எதுவாக இருந்தாலும் என்னென்ன போட்டு அரைத்தது என்று கேட்டுவிட்டுப் பெட்டியில் வையுங்கள். உப்புக்கண்டமும் கூடாது. மெல்லும் புகையிலையும் சூயிங் கம்மும் அங்கே போகவே கூடாது.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். சிங்கப்பூரில் கிளம்பும் கப்பல்களில் நம் ஊர்க்காரர்கள் நிறைய. சைவம், வெங்காயம் பூண்டு இல்லாதது என்று எது வேண்டுமோ அதை டிக்கெட் போடும்போதே எழுதிவிட்டால் கிடைக்கும். ஏறிய அன்றைக்கு உணவுக்கூட மேற்பார்வையாளரிடம் ஒருமுறை நேரிலும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 20, வெள்ளி

பெட்டி அடுக்கினோம். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் ஆகாது. தீ விபத்துக்குப் பயந்து ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். சுவர் பெரும்பாலும் இரும்புத் தகடு, காந்தக் கொக்கி நன்றாக ஒட்டும். நாலு வாங்கிக் கொடுத்தேன், ஈரத்துண்டு மாட்ட வசதி.

உள்ளே ஏசி குளிர் கடுமை. கண்டாங்கிச் சேலை மட்டும் போதாது, ஒரு சால்வை வேண்டும். விருந்து நாளன்று பட்டுச் சேலையே போதும், வேறு எதுவும் வாங்க வேண்டியதில்லை. செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். குளியலறை வாசலில் நம் வீட்டு நிலைப்படி மாதிரி ஒரு மேடு இருக்கும், இரவில் எழுந்து போகும்போது அதில் தடுக்கி விழுகிறவர்கள் உண்டு. சிறு விளக்கு ஒன்றை எரியவிட்டுப் படுக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 23, திங்கள்

பணமும் போனும். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. ஏறும்போது தரும் அட்டைதான் அறைச் சாவி, அதுவே கடைக்கணக்கு. நம் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஊரிலேயே திறந்துவிட வேண்டும். ஊழியர்களுக்கான டிப்ஸ் ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் சேரும். அது டிக்கெட்டிலேயே அடங்கியிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கடைசி நாளில் பார்த்து மனசு கஷ்டப்பட வேண்டாம். பகலிரவு பாராமல் உழைக்கும் பிள்ளைகளுக்குப் போகிற பணம் அது.

துறைமுகத்தை விட்டதும் போன் தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் நெட்வொர்க்கைப் பிடிக்கும். இங்கே போடும் ரோமிங் பேக்கில் அது பெரும்பாலும் அடங்காது. நிமிடக் கணக்கில் பணம் போய்விடும். கயிறு அவிழ்த்ததும் ஏரோபிளேன் மோட். ஆச்சியைப் பத்துத் தடவை செய்து காட்டச் சொன்னேன், இப்போது பார்க்காமலே விரல் போகிறது.

பிப்ரவரி 25, புதன்

கொப்புடையம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திருச்சிக்குக் கார் ஏறினார்கள். கப்பல் கிளம்புவது 27ஆம் தேதி. அன்றைக்கே போய் இறங்குகிற மாதிரி விமான டிக்கெட் போடவே கூடாது. விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது, பணமும் திரும்பாது.

துறைமுகத்தில் பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், அறைக்கு வர மாலை ஆகலாம். ஆகவே மருந்து, பாஸ்போர்ட், கண்ணாடி, ஒரு மாற்றுடை, சார்ஜர் எல்லாம் கைப்பையில். அந்தப் பையை யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று ஆச்சியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பிப்ரவரி 27, வெள்ளி

பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் ஆச்சி கூப்பிட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆச்சிக்கு உள்ளுக்குள் பயம். சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த எம்.வி. சிதம்பரம் 1985இல் நடுக்கடலில் தீப்பிடித்தது, இந்தப் பக்கத்தில் அந்தத் தலைமுறைக்கு மறக்காது. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பயணிகளுக்கு அதுவரை பயிற்சியே தந்திருக்கவில்லை. அதன் பிறகு விதியை மாற்றினார்கள். 2015 முதல், கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி நடந்தாக வேண்டும். ஏழு குறு ஒலி, ஒரு நெடு ஒலி கேட்டால் ஆபத்து அறிவிப்பு. எங்கே கூட வேண்டும் என்பது அட்டையிலும் அறைக் கதவின் பின்புறமும் இருக்கும். “படிக்கட்டை நடந்து பார்த்துட்டேன், லிப்ட்டை நம்பலை” என்றார் ஆச்சி. அதைத்தான் நானும் சொல்லியிருந்தேன்.

கையைச் சோப்புப் போட்டு, தண்ணீரில் 20 விநாடியாவது கழுவுங்கள் என்று மறுபடி ஞாபகப்படுத்தினேன். கப்பலில் பரவும் வயிற்றுப்போக்குக்கு நோரோவைரஸ்தான் முக்கியக் காரணம். வாசலில் வைத்திருக்கும் சானிடைசர் அதற்குப் போதாது.

பிப்ரவரி 28, சனி

பினாங்கு. கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து பினாங்குத் தெரு நடந்து போகிற தூரம். அங்கேதான் நம் நகரத்தாரின் கிட்டங்கிகள், அதாவது வட்டித் தொழிலும் தங்குவதும் ஒன்றாக நடந்த இடங்கள், இருந்தன. அத்தானின் ஐயா ரஜூலா கப்பலில் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போய் இறங்கியவர், கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யக் கடல் கடந்து, போன காலம் முழுக்க அந்தத் தெருவில்தான் இருந்தார். அத்தான் ஒரு வாசல் முன்னால் நின்று படம் அனுப்பியிருக்கிறார், கண் கலங்கியிருக்கிறது. பிறகு வாடகைக் கார் வைத்து, 1857இல் கட்டிய நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனார்கள். கப்பல்காரர்கள் விற்கும் சுற்றுலாவில் நம் கோயில் வராது, தனியாகத்தான் போக வேண்டும். தனியாகப் போனவர்கள் தாமதித்தால் கப்பல் நிற்காது. கப்பலே ஏற்பாடு செய்த சுற்றுலா தாமதமானால்தான் நிற்கும். நடை சாத்தும் நேரத்தை முன்பே கேட்டு, ஏற வேண்டிய நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே திரும்பச் சொல்லியிருந்தேன். திரும்பிவிட்டார்கள்.

மார்ச் 1, ஞாயிறு

புக்கெட்டில்தான் எனக்குக் கவலை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால். இவர்கள் கப்பலில் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருக்கிறார்கள், ஆனால் போன் கரையைத் தொட்டதும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலில் ஐந்து மணி என்றால் போனில் நாலு. ஐந்துக்குள் ஏறச் சொன்னால், போனை நம்பி நாலே காலுக்கு நிம்மதியாக இளநீர் குடித்துக்கொண்டிருப்பவர் கப்பலை விட்டிருப்பார்.

அத்தானின் பழைய கைக்கடிகாரத்தில் கப்பல் நேரத்தை வைத்து, இறங்கியதிலிருந்து அதை மட்டும் பார்க்கச் சொன்னேன். இங்கே பல கப்பல்கள் கரைக்கு வராமல் தள்ளி நங்கூரம் போடும், சிறு படகில்தான் போய் வர வேண்டும். கடைசிப் படகின் நேரம்தான் கணக்கு. தினமும் அறைக்கு வரும் தாளில் அந்த நேரமும் உள்ளூர் ஏஜென்ட்டின் தொலைபேசி எண்ணும் இருக்கும், அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். மதியமே திரும்பிவிட்டோம் என்று செய்தி வந்தது.

மார்ச் 2, திங்கள்

இன்றிரவு பெரிய பெட்டிகளைச் சீட்டுக் கட்டி அறை வாசலில் வைக்க வேண்டும், காலையில் கரையில்தான் கையில் கிடைக்கும். காலையில் உடுத்தும் சேலையையும் செருப்பையும் எடுத்து வைத்தாச்சா என்று கேட்டேன். இராத்திரி உடையோடு நிற்க நேர்ந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். கணக்குத் தாளையும் இன்றே வாங்கிப் பார்க்கச் சொன்னேன். குடிக்காத இரண்டு பாட்டில் தண்ணீருக்குப் பணம் போட்டிருந்தார்கள், கேட்டதும் நீக்கிவிட்டார்கள்.

மார்ச் 4, புதன்

நேற்று நல்லபடியாக இறங்கி மகள் வீட்டில் இருக்கிறார்கள். அன்றைக்கே ஊர் திரும்புகிறவர்கள் காலை விமானம் போடாதீர்கள். குடிநுழைவு வரிசை முடிந்து விமான நிலையம் போய்ச் சேர மதியமாகிவிடும்.

தேவகோட்டையிலிருந்து சின்னாத்தா கூப்பிட்டார், அவரும் போக வேண்டுமாம். அவருக்குச் சக்கர நாற்காலி வேண்டும். அதை முன்பதிவின்போதே எழுத வேண்டும், அறைக் கதவு அகலமானதாகக் கேட்க வேண்டும். சிறு படகில் சக்கர நாற்காலியைப் பல இடங்களில் ஏற்றமாட்டார்கள், அதனால் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும் ஊர்களாகப் பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சனிக்கிழமை தேவகோட்டை போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறேன்.