சுரங்கத்துக்குள் இறங்காத விமானி

பால் பிரிக்ஹில்லின் ‘தி கிரேட் எஸ்கேப்’ நூலை மூன்றாம் முறை படித்தபோதுதான், முதல் இரண்டு முறையும் கவனிக்காமல் கடந்துபோன ஒரு செய்தி எனக்கு உறைத்தது. இரண்டாம் உலகப் போரின் மிகப் புகழ்பெற்ற சிறைத்தப்பலை உலகுக்குச் சொன்ன அந்த மனிதர், அன்றிரவு தப்பிச் செல்வோர் வரிசையில் இல்லை. குறுகிய இடத்தில் அடைபட்டால் மூச்சு முட்டும் அச்சம் அவருக்கு இருந்ததால், சுரங்கத்துக்குள் நிலைகுலைந்து மற்றவர்களின் வழியையும் அடைத்துவிடக்கூடும் என்று கருதி, அவரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். இதை அவர் நூலில் மறைக்கவில்லை. சுருக்கமாகச் சொல்லிவிட்டு மற்றவர்களின் கதைக்குப் போய்விடுகிறார்.

பிரிக்ஹில் 1916-இல் மெல்பர்னில் பிறந்து சிட்னியில் வளர்ந்த ஆஸ்திரேலியர். போருக்கு முன் சிட்னி நாளிதழ் ஒன்றில் பணியாற்றியவர். 1941-இல் ஆஸ்திரேலிய விமானப் படையில் சேர்ந்து, பிரிட்டிஷ் விமானப் படையின் 92-ஆம் ஸ்குவாட்ரன் என்னும் பிரிவில் ஸ்பிட்ஃபயர் போர் விமானியாக வட ஆப்பிரிக்காவில் பறந்தார். 1943 மார்ச் 17 அன்று துனீசியாவின் வானில் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது; பாராசூட்டில் குதித்து உயிர் பிழைத்தவர், காயத்தோடு பிடிபட்டு, ஜெர்மனியின் சாகன் நகருக்கு அருகில் இருந்த ஸ்டாலாக் லுஃப்ட் 3 என்னும் போர்க்கைதி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது.

முகாமில் அவருக்குக் கிடைத்த வேலை காவல் பார்ப்பது. போலிக் கடவுச்சீட்டுகளையும் பயண அனுமதிச் சீட்டுகளையும் எழுதுவோர் ஜன்னலோரம் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கையில், வெளியே எந்த ஜெர்மன் காவலர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று பார்த்து எச்சரிக்கும் குழுவுக்கு அவர் பொறுப்பாளராக இருந்தார். இந்த வேலைதான் அவரை எழுத்தாளராக்கியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். மாதக்கணக்கில் கண்ணை அகற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தவருக்கே வாய்க்கும் நுணுக்கம் அந்த நூலெங்கும் பரவிக் கிடக்கிறது. சாகனின் மேல்மண் சாம்பல் நிறம். கீழே தோண்டத் தோண்ட வருவதோ பளிச்சென்ற மஞ்சள் மணல். அதை ஒளிப்பதற்காக, நீண்ட உள்ளாடைகளின் கால் பகுதியை வெட்டிப் பையாக்கி, மணல் நிரப்பி, கால்சட்டைக்குள் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்தில் உலாவுவார்கள். கால்சட்டைப் பைக்குள் இருக்கும் கயிற்றை இழுத்தால் அடியில் குத்தியிருக்கும் ஊசி கழன்று மணல் காலடியில் கொட்டும், அதை மிதித்து மண்ணோடு கலந்துவிடுவார்கள். அந்தப் பாரத்தோடு நடக்கும் நடையைப் பார்த்து அவர்களுக்குப் ‘பெங்குவின்’ என்று பெயர் வந்தது.

‘ஹாரி’ என்று அவர்கள் அழைத்த சுரங்கம் ஏறத்தாழ 9 மீட்டர் ஆழத்தில், 100 மீட்டருக்கும் மேல் நீண்டது. 104-ஆம் குடிலின் அடுப்புக்கு அடியில் அதன் வாயில் இருந்தது. சுவர் சரியாமலிருக்கக் கட்டில் பலகைகளை முட்டுக் கொடுத்தார்கள். பவுடர் பால் டின்களை ஒன்றோடொன்று செருகிக் காற்றுக் குழாய் அமைத்து, பைகளால் செய்த துருத்தியை ஒருவர் விடாமல் இயக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்தது திசைகாட்டிகள். உடைந்த கிராமஃபோன் இசைத்தட்டுகளைச் சூடேற்றி வார்த்து, காந்தமேற்றிய ஊசி பொருத்தி, உடைந்த ஜன்னல் கண்ணாடியை வட்டமாக வெட்டி மூடி, ஒவ்வொன்றின் அடியிலும் ‘ஸ்டாலாக் லுஃப்ட் 3-இல் செய்யப்பட்டது’ என்று பொறித்தார்கள். அந்தப் பட்டறைக்குத் தலைமை தாங்கியவர் ஆல் ஹேக் என்ற ஆஸ்திரேலியர்.

1944 மார்ச் 24 இரவு, தென்னாப்பிரிக்காவில் பிறந்த ரோஜர் புஷெல்லின் தலைமையில் தப்பிச் செல்லும் முயற்சி தொடங்கியபோது, சுரங்கத்தின் மறுமுனை காட்டை எட்டாமல் சில மீட்டர் முன்பே திறந்துவிட்டது தெரியவந்தது. இருநூறு பேர் போவதாக இருந்த வழியில் 76 பேர்தான் வெளியேற முடிந்தது. மூவர் மட்டும், இரண்டு நார்வேக்காரர்களும் ஒரு டச்சுக்காரரும், விடுதலை அடைந்தார்கள். பிடிபட்ட 73 பேரில் ஐம்பது பேரை ஹிட்லரின் ஆணைப்படி சுட்டுக் கொன்றார்கள். ஹேக்கும் புஷெல்லும் அந்த ஐம்பதில் அடக்கம். 1963-இல் வந்த திரைப்படத்தின் மோட்டார் சைக்கிள் சாகசத்தை மட்டும் அறிந்தவர்கள், அது நூலிலும் இல்லை, நடக்கவும் இல்லை என்பதைத் தயவுசெய்து நினைவில் கொள்ள வேண்டும்.

பிரிக்ஹில் இதைப் பற்றி 1946-லேயே கான்ராட் நார்ட்டனோடு சேர்ந்து ஒரு நூலில் எழுதியிருந்தார். தனி நூலாக விரித்தெழுதியது 1950-இல். அடுத்த ஆண்டு, ஜெர்மனியின் ரூர் பகுதி அணைகளைத் தகர்த்த 617-ஆம் ஸ்குவாட்ரனின் வரலாறாக ‘தி டாம் பஸ்டர்ஸ்’ வந்தது. 1954-இல், இரு கால்களையும் இழந்த பின்னும் போர் விமானம் ஓட்டிய டக்ளஸ் பேடரின் வாழ்க்கை, ‘ரீச் ஃபார் தி ஸ்கை’ என்ற நூலாயிற்று. மூன்றும் திரைப்படங்களாயின.

அணை நூலிலும் அதே கண் தெரிகிறது. இருட்டில் நீர்மட்டத்துக்கு 60 அடி உயரத்தில் விமானத்தைப் பறக்கவைப்பது எப்படி என்ற சிக்கலுக்கு, விமானத்தின் அடிப்பகுதியில் இரண்டு விளக்குகளைச் சாய்வாகப் பொருத்தி, அவற்றின் வட்டங்கள் நீரின் மேல் ஒன்றையொன்று தொடும் கணமே சரியான உயரம் என்று கண்டுகொண்டதை அவர் சொல்லும்போது, நாமும் விமானியறைக்குள் இருக்கிறோம். ஆனால் அந்த நூலின்மேல் எனக்கு வருத்தமும் உண்டு. 19 லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானங்களில் எட்டு திரும்பவில்லை, 53 பேர் இறந்தார்கள் என்ற இழப்பை உணர்த்தத் தெரிந்தவர், அணைக்குக் கீழே வெள்ளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதையும், அவர்களில் பலர் கட்டாய வேலைக்காகக் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிடித்துவரப்பட்ட பெண்கள் என்பதையும் அதே நெருக்கத்தில் காட்டவில்லை. விமானியின் உயரத்திலிருந்து பார்த்தவர் அவர். அந்த உயரத்திலிருந்து கீழே இருந்த முகங்கள் தெரியவில்லை.

1962-இல் ஒரு நாவல் வெளியிட்டார். அதன் பிறகு, 1991-இல் சிட்னியில் இறக்கும்வரை புதிய நூல் எதுவும் வரவில்லை. மனச்சோர்வு அவரை நெடுங்காலம் வாட்டியது. மற்றவர்களின் துணிச்சலை அவ்வளவு விரிவாக எழுதியவர் தம் மனத்தைப் பற்றி ஒரு நூல் எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

தப்பியவர்களைச் சுட்டுக் கொன்ற செய்தி முகாமுக்கு வந்த விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. மூத்த பிரிட்டிஷ் அதிகாரியான ஹெர்பர்ட் மாசியை அழைத்து, 41 பேர் தப்ப முயன்றபோது சுடப்பட்டதாக முகாம் தலைவர் சொன்னார். காயமடைந்தவர்கள் எத்தனை பேர் என்று மாசி கேட்டார். ஒருவரும் இல்லை என்பதே பதில். பிறகு எண்ணிக்கை ஐம்பதாயிற்று. பிரிக்ஹில் தம் நூலைக் காணிக்கையாக்கியதும் ‘அந்த ஐம்பது பேருக்கு’த்தான்.