பிராடோவில் இரண்டாவது பேட்டரி

அப்பாவும் அம்மாவும் திருநெல்வேலியிலிருந்து அடிலெய்டுக்கு வருவது உறுதியானதும், அவர்களை ஃப்ளிண்டர்ஸ் மலைப்பக்கம் கூட்டிப்போவது என்று முடிவு செய்துவிட்டேன். அங்கே மலைகள் வளையமாகச் சூழ்ந்திருக்கும் வில்பீனா பவுண்ட், அடிலெய்டிலிருந்து கிட்டத்தட்ட 430 கிலோமீட்டர். வில்பீனா முகாமில் கரண்ட் வசதியுள்ள இடம் கிடைக்கும். ஆனால் நான் அவர்களுக்குக் காட்ட நினைத்தது அரூனா, டிரெசோனா போன்ற காட்டு முகாம்களை. அங்கே கரண்ட் கிடையாது. அப்பா இன்சுலின் எடுப்பவர். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும், உறைந்துபோனாலும் வீண்தான். ஐஸ் பெட்டியை நம்பி அவரைக் கூட்டிப்போக எனக்கு மனம் வரவில்லை. அதனால் எங்கள் டொயோட்டா பிராடோ 150 டீசல் வண்டியில் 40 லிட்டர் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜும், அதற்கென்று தனியாக ஒரு பேட்டரியும் வைக்கும் வேலையில் இறங்கினேன்.

இருக்கிற பேட்டரியிலேயே ஓட்டினால் என்ன என்று அம்மா போனில் கேட்டார். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடி பேட்டரி இறங்கிவிட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது. அந்தப் பள்ளத்தாக்குகளில் போன் சிக்னலும் இருக்காது. இரண்டாவது பேட்டரி எவ்வளவு இறங்கினாலும் முதல் பேட்டரியைத் தொடக்கூடாது என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அடிப்படை.

முதலில் கணக்கு. கம்ப்ரசர் ஓடும்போது ஃப்ரிட்ஜ் சுமார் 4 ஆம்ப் இழுக்கும். ஆனால் விட்டுவிட்டுத்தான் ஓடும். சராசரி மணிக்கு 1.5 ஆம்ப் என்றால் ஒரு நாளைக்கு 36 ஆம்ப்-அவர் (ஆம்பை மணிக்கணக்கால் பெருக்கிய அளவு). விளக்கு, போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 40 என்று வைத்தேன். ஏஜிஎம் என்ற மூடிய வகை ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். ஆகவே 100 ஆம்ப்-அவர் பேட்டரியில் நமக்குக் கிடைப்பது 50தான். லித்தியத்தில் எடையும் குறைவு, அதிகமாகவும் இறக்கலாம், ஆனால் என் பட்ஜெட்டுக்கு ஏஜிஎம் போதுமாக இருந்தது. பானட்டுக்குள் சூடு அதிகம் என்பதால் டிக்கியில் வைத்தேன். 30 கிலோ சொச்சம் எடை. வண்டி எதிலாவது மோதினால் அது பறந்து வந்து பின்சீட்டில் இருப்பவரை அடிக்கும். பிளாஸ்டிக் பெட்டியும் ஒரு ஸ்ட்ராப்பும் போதாது, தரையோடு போல்ட் போட்ட இரும்புத் தட்டு வேண்டும்.

வண்டி ஓடும்போது இரண்டாவது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கு 25 ஆம்ப் டிசி-டிசி சார்ஜர். எஞ்சின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் வெறும் ஐசொலேட்டர் ரிலே மலிவு. ஆனால் இந்த வண்டியின் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சினோடு சுழன்று கரண்ட் தரும் கருவி, சூடானதும் வோல்டேஜை 13 சொச்சத்துக்குக் குறைத்துவிடும், ஏஜிஎம் நிறைவதற்கோ 14.4 பக்கம் வேண்டும். டிசி-டிசி அதை உயர்த்திக் கொடுக்கும். நான் வாங்கியது ரெட்ஆர்க், இங்கே அடிலெய்டின் தெற்கில் லான்ஸ்டேலில் இருக்கும் கம்பெனி. அதில் ஒரு நீல வயரை இக்னிஷனில் கொடுத்தால், ஆல்டர்னேட்டர் வோல்டேஜ் குறைந்தாலும் சார்ஜர் நிற்காது. சோலார் பேனலையும் அதிலேயே நேராக இணைக்கலாம்.

இனி வயர். எனக்கு யோசனை சொன்னவர் யாழ்ப்பாணத்துக்காரர், ஆட்டோ எலக்ட்ரீஷியனாகப் பல வருஷம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர். "தம்பி, பேட்டரிக்குக் குடுக்கிற காசில கால்வாசியாவது வயருக்குக் குடும். மெல்லிய வயரைப் போட்டீரெண்டால் எவ்வளவு பெரிய பேட்டரி வைச்சும் பிரயோசனமில்லை" என்றார். கடைகளில் '6 மில்லி ஆட்டோ கேபிள்' என்று விற்கிறார்களே, அந்த 6 மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே இருக்கும் செம்பு சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர்தான். பானட்டிலிருந்து டிக்கிக்கு 6 மீட்டர், போக வர 12 மீட்டர். சார்ஜர் முழு வேகத்தில் 30 ஆம்ப் இழுக்கும்போது அந்த வயரில் மட்டும் 1.3 வோல்ட் போய்விடும். சார்ஜர் அதை ஈடுகட்ட இன்னும் அதிக ஆம்ப் இழுக்கும், வயர் இன்னும் சூடாகும். 13.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கொண்ட, '6 பி அண்ட் எஸ்' என்ற அளவுக் குறியோடு விற்கும் தடித்த வயரில் இழப்பு அரை வோல்ட்டுக்குள். அதைத்தான் போட்டேன், நெகட்டிவுக்கும் தனி வயர் இழுத்தேன்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவிலிருக்கும் தகட்டில்) ஏற்கெனவே இருக்கும் ரப்பர் குரோமெட், அதாவது ஓட்டை விளிம்பின் ரப்பர் வளையம், வழியாக வயரை உள்ளே விட்டு, கதவோர பிளாஸ்டிக் மூடிகளுக்கு அடியில் கொண்டுபோனோம். ஏர்பேக் வயர்களை ஒட்டிப் போகாமல் பார்த்துக்கொண்டோம். முழு நீளத்துக்கும் மேலே பிளாஸ்டிக் உறை. வயர் நுனியில் மாட்டும் செம்பு லக்குகளை அண்ணன் தன் ஹைட்ராலிக் கிரிம்பரில் (அழுத்திப் பொருத்தும் கருவியில்) அமுக்கி, ஸ்லீவ் போட்டு, ஒவ்வொன்றையும் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்த பிறகுதான் கையில் கொடுத்தார். போல்ட் போட்டு மாட்டும் 40 ஆம்ப் மிடி ஃபியூஸ் இரண்டு, ஒவ்வொரு பேட்டரிக்கும் மிக அருகில் ஒன்று. வயரின் இரு முனையிலும் பேட்டரி இருக்கிறது, நடுவில் எங்கே உரசி ஷார்ட் ஆனாலும் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் போடுகிறவர்களை எனக்குப் புரியவே இல்லை.

வயரிங் முடிந்ததும் மல்டிமீட்டரோடு உட்கார்ந்தேன். கம்ப்ரசர் கிளம்பும் நொடியில் அளப்பதுதான் முக்கியம். வண்டியோடு வந்த சிகரெட் சாக்கெட்டில் ஃப்ரிட்ஜை மாட்டி அளந்தால், பேட்டரியில் 12.7 இருக்கும்போது ஃப்ரிட்ஜ் முனையில் 11.9. வோல்டேஜ் குறைந்தால் ஃப்ரிட்ஜைத் தானாக நிறுத்தும் லோ-வோல்டேஜ் பாதுகாப்பு உயர்ந்த நிலையில் இருந்தால் இது நிற்கிற விளிம்பு. பேட்டரி நிறைந்திருந்தும் ஃப்ரிட்ஜ் நின்று நின்று ஓடுகிறது என்று பலர் புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது பேட்டரியிலிருந்து நான் இழுத்த தடித்த வயரில், அதிகக் கரண்ட் தாங்கும் ஆண்டர்சன் பிளக் வழியாக மாட்டி அளந்தால் 12.6. ஆண்டர்சன் பிளக்குக்கு இன்னொரு நன்மை, மண்சாலை அதிர்ச்சியில் கழன்று வராது.

பயணத்துக்கு முன்பே ஃப்ரிட்ஜில் தனி தெர்மாமீட்டர் வைத்து வீட்டு வாசலில் ஓடவிட்டேன். அடிப்பக்கச் சுவரை ஒட்டி ரொம்பக் குளிர்ந்தது. அதனால் இன்சுலினைத் துணியில் சுற்றி மேல் கூடையில் வைத்து, 4 டிகிரிக்கு செட் செய்தேன்.

பிராச்சினா பள்ளத்தாக்குச் சாலையின் குலுக்கலில் அம்மாவுக்குத்தான் இடுப்பு வலித்தது, ஃப்ரிட்ஜ் நிற்கவில்லை. அரூனாவில் வண்டியை எடுக்காமல் தங்கியபோது 120 வாட் மடக்குப் பேனலை வெயிலில் விரித்தோம். காலையில் பேட்டரி 12.4 காட்டும், மத்தியானத்துக்குள் நிறைந்துவிடும். அப்பா தினமும் விடிந்ததும் தானே போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "நாலுதாம்ப்பா காட்டுது" என்பார்.

வீடு திரும்பியதும் எல்லா நட்டுகளையும் ஸ்பேனர் வைத்துச் சோதித்தேன். லக்குகள் அசையவில்லை. பேட்டரித் தட்டின் ஒரு போல்ட் மட்டும் அரைச் சுற்று இளகியிருந்தது, அதற்கு அதிர்ச்சியில் இளகாத நைலாக் நட்டு போட்டுவிட்டேன்.