மாமாவின் ஈரலும் புரதம் தராத ஆர்.என்.ஏ.க்களும்

சென்ற மாதம் கோபியிலிருந்து மாமா வயிற்று ஸ்கேன் அறிக்கையுடன் கோவைக்கு வந்திருந்தார். ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்றிருந்த வரியைக் காட்டி, “ஏங்கண்ணு, ஒரு சொட்டுக் குடிச்சதில்லைன்னு ஊருக்கே தெரியும், எனக்கெப்படி இது வந்துச்சு?” என்றார். சர்க்கரை நோயும் தொப்பையும் இருந்தால் மது இல்லாமலேயே ஈரலில் கொழுப்பு படியும் என்றேன். நான் உயிர்வேதியியல் பாடம் எடுப்பவள் என்பதால், அவர் அதோடு விடவில்லை; ஈரலுக்குள் என்னதான் கோளாறு நடக்கிறது என்று கேட்டார்.

தடப்பள்ளி வாய்க்காலில் பாசனம் செய்பவருக்கு மடையை வைத்துத்தான் விளக்க முடிந்தது. நம் மரபணுத் தொகுப்பில் புரதத்துக்கான குறிப்பு உள்ள பகுதி ஏறத்தாழ 2 விழுக்காடு மட்டுமே. புரதம் எதையும் தராத பகுதிகளிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ.க்கள், அதாவது அப்பகுதிகளின் நகல்கள், படியெடுக்கப்படுகின்றன. அவற்றுள் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஏறத்தாழ 22 எழுத்து நீளமுள்ள துணுக்கு. புரதம் செய்வதற்கான செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்.என்.ஏ.வில் ஒட்டிக்கொண்டு, மடையில் பலகை போடுவதுபோல அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. 1993-இல் ஒரு நுண்புழுவில் இதை வெளிப்படுத்திய விக்டர் ஆம்ப்ரோசுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024-இல்தான் நோபல் பரிசு கிடைத்தது.

ஈரலிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு மிஆர்-122 என்ற ஒன்றே. எலிகளில் அதை மருந்தால் அடக்கியபோது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் குறைந்ததால், நல்ல மருந்து கையில் கிடைத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மிஆர்-122-ஐத் தரும் மரபணுவையே நீக்கிய எலிகளில், ரத்தக் கொலஸ்ட்ரால் குறைந்திருந்தும் ஈரலில் கொழுப்பு தேங்கியது. கொழுப்பை ஈரலிலிருந்து ஏற்றி அனுப்ப உதவும் புரதம் குறைந்துபோனது அதற்கு ஒரு காரணம். பின்னர் தழும்புத் திசு பெருகி, வயதான எலிகளில் புற்றுக்கட்டி வரை சென்றது. ரத்த அறிக்கை நன்றாக இருப்பதாலேயே ஈரலும் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவர்களுக்கு இந்த எலிகளைத்தான் காட்டத் தோன்றுகிறது.

மிஆர்-34ஏ இதற்கு நேர்மாறு. கொழுப்பேறிய ஈரலில் அது மிகுந்து, கொழுப்பை எரிக்கத் துணைநிற்கும் சர்ட்-1 புரதத்தை அடக்குகிறது. எச்19 போன்ற, புரதம் தராத நீள ஆர்.என்.ஏ.க்களும் இதில் பங்கெடுக்கின்றன. அன்று மாமாவிடம் அவ்வளவு தூரம் போகவில்லை.

“அப்ப அந்த நூத்தி இருவத்திரண்டை ரத்தத்துல பாத்துக்கலாமா?” என்றார். கேள்வி சரியானதுதான், ஈரல் செல் சிதைந்தால் மிஆர்-122 ரத்தத்தில் கசியும். ஆனால் மஞ்சள் காமாலைக் கிருமியாலும், அளவுக்கு மீறிய பாரசிட்டமாலாலும் அதே கசிவு ஏற்படும் என்பதால், மடை உடைந்தது தெரியுமே தவிர உடைத்தது யார் என்பது தெரியாது. ஆகவே அதைத் தேடி அலையாமல், ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேனுக்கு அடுத்த வாரமே அழைத்துச் சென்றேன்.