ஆங்ஸ்ட்ராமிலிருந்து சென்டிமீட்டருக்கு: அலகு மாற்றத்தில் மதிப்பெண் போகாமல் இருக்க

அணு அமைப்பு, திண்மநிலை, அணுக்கரு என்று எந்தப் பாடத்தை எடுத்தாலும், கணக்கு நன்றாகத் தெரிந்தவர்கள்கூட மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது அலகு மாற்றத்தில்தான். கொள்குறி வினாக்களில் பல நேரம் நான்கு விடைகளிலும் எண் ஒன்றாகவே இருக்கும், பத்தின் அடுக்கு மட்டும் மாறும். சூத்திரம் சரி, பெருக்கல் சரி, விடை மட்டும் தப்பு என்றால் மனம் வெறுத்துப்போகும்.

நான் மனப்பாடம் செய்தது ஒரே ஒரு வரிசை. நானோமீட்டர் 10⁻⁹ மீட்டர், ஆங்ஸ்ட்ராம் 10⁻¹⁰, பிக்கோமீட்டர் 10⁻¹², ஃபெர்மி என்கிற ஃபெம்டோமீட்டர் 10⁻¹⁵. எந்த அலகிலிருந்து எந்த அலகுக்குப் போனாலும் நடுவில் மீட்டரில் இறங்கி ஏறுவேன். குறுக்குவழிப் பட்டியல்கள் நிறையக் கிடைக்கும். தேர்வறைப் பதற்றத்தில் முதலில் மறப்பது அவற்றைத்தான்.

போர் (Bohr) ஆரத்தை, அதாவது ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் முதல் வட்டப்பாதை ஆரத்தை எடுத்துக்கொள்வோம். 0.529 ஆங்ஸ்ட்ராம், அதாவது 5.29 × 10⁻¹¹ மீட்டர். ஒரு மீட்டருக்கு 10² சென்டிமீட்டர் என்பதால் அடுக்கோடு 2 கூட்டினால் 5.29 × 10⁻⁹ சென்டிமீட்டர். மில்லிமீட்டர் என்றால் 3 கூட்ட வேண்டும்: 5.29 × 10⁻⁸. அங்குலத்தில் கேட்டால் சென்டிமீட்டர் விடையை 2.54 ஆல் வகுத்துவிடுங்கள், சுமார் 2.08 × 10⁻⁹ அங்குலம் வரும். அலகு பெரிதானால் எண் சிறுக்க வேண்டும். பேனாவை எடுப்பதற்கு முன்பே இதை ஒருமுறை மனதில் சொல்லிக்கொண்டால் அடுக்கின் குறி மாறிப்போகாது.

உண்மையான பொறி இருப்பது அடர்த்திக் கணக்கில். தாமிரத்தின் அலகுக்கூட்டு (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறிய பெட்டி) விளிம்பு நீளம் 361.5 பிக்கோமீட்டர், முகப்புமையக் கனசதுரம் (மூலைகளிலும் முகங்களின் நடுவிலும் அணுக்கள்), கூட்டுக்கு 4 அணுக்கள், மோலார் நிறை 63.55 கிராம். அடர்த்தி = (அணுக்கள் × மோலார் நிறை) ÷ (விளிம்பின் கனம் × அவகாட்ரோ எண்). இதை கிராம்/கனசென்டிமீட்டரில் கேட்டிருந்தால், கனம் எடுப்பதற்கு முன்பே நீளத்தைச் சென்டிமீட்டருக்கு மாற்றிவிடுங்கள். ஒரு பிக்கோமீட்டர் 10⁻¹⁰ சென்டிமீட்டர்; ஆகவே விளிம்பு 3.615 × 10⁻⁸ சென்டிமீட்டர். கனம் எடுக்கும்போது எண்ணும் அடுக்கும் இரண்டுமே மும்மடிப் படிக்குப் போகும்: 47.24 × 10⁻²⁴. எண்ணுக்கு மட்டும் கனம் எடுத்துவிட்டு 10⁻⁸ ஐ அப்படியே விட்டுவிடுவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது. 47.24 × 10⁻²⁴ ஐ அவகாட்ரோ எண் 6.022 × 10²³ ஆல் பெருக்கினால் 28.45. பின்னத்தின் மேலே, தொகுதியில் 4 × 63.55 = 254.2. வகுத்தால் 8.94 வருகிறது. தாமிரத்தின் அடர்த்தி 9க்குச் சற்றுக் குறைவு என்று தெரிந்திருந்தால், விடை சரி என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். அடுக்கில் ஒன்று பிசகினாலும் 0.89 என்றோ 89 என்றோ வந்து காட்டிக்கொடுக்கும். தண்ணீரில் மிதக்கும் தாமிரம் கிடையாது.

அலைநீளக் கணக்குகளில் இந்தத் தொல்லை குறைவு. சோடியத்தின் மஞ்சள் ஒளி 589 நானோமீட்டர் என்றாலும் 5890 ஆங்ஸ்ட்ராம் என்றாலும் ஒன்றுதான்.

அணுக்கருவுக்கு வந்தால் ஃபெர்மி. ஆரம் = 1.2 × நிறை எண்ணின் மூன்றாம் மூலம் என்ற சூத்திரப்படி தங்க அணுக்கருவுக்குச் சுமார் 7 ஃபெர்மி கிடைக்கிறது. தங்க அணுவின் ஆரமோ 144 பிக்கோமீட்டர், அதாவது 1,44,000 ஃபெர்மி. அணு, அணுக்கருவைவிட ஏறத்தாழ இருபதாயிரம் மடங்கு பெரியது. உங்கள் விடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றால், பிக்கோவையும் ஃபெம்டோவையும் மாற்றிப் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.