முதல் ஆல்பம் எதற்கு என்று கேட்கும் தம்பிக்கு

என் சித்தி மகன் ராப் எழுதுகிறான். நன்றாகவே எழுதுகிறான், சொந்தக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. இங்கே சிங்கப்பூரில் தேசிய சேவை முடித்த கையோடு வரிசையாக சிங்கிள்கள், அதாவது தனித்தனிப் பாட்டுகள், விட்டான். ஒன்று காதல் தோல்வி, ஒன்று பார்ட்டி, இன்னொன்றில் ஊரே தன்னைப் பார்த்துப் பொறாமைப்படுவதாக ஒரே புலம்பல் (யார் பொறாமைப்பட்டார்கள் என்று குடும்பத்தில் இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்). ஆல்பம் எப்போதுடா என்றால், "இப்ப யாருண்ணே ஆல்பம் முழுசா கேக்குறா?" என்கிறான். அவனுக்கு வாட்ஸாப்பில் பதில் எழுத ஆரம்பித்து, நீண்டுகொண்டே போனதால் இங்கே போடுகிறேன்.

தம்பி, அமெரிக்க ராப்பர் நாஸின் முதல் ஆல்பம் 'இல்மேட்டிக்' 1994 ஏப்ரல் 19 அன்று வெளிவந்தது. அப்போது அவருக்கு வயது 20, எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். பத்து டிராக், அதில் முதலாவது வெறும் முன்னோட்டம், மொத்தம் 40 நிமிடம்கூட முழுசாக இல்லை. ஈசூனில் ரயில் ஏறி மரினா பே போய்ச் சேர்வதற்குள் கிட்டத்தட்ட முடிந்துவிடும். விற்பனையும் ஆரம்பத்தில் ஒன்றும் பிரமாதமில்லை, வெளிவருவதற்கு முன்பே திருட்டு கேசட் தெருவில் சுற்றியது, பத்து லட்சம் பிரதிக்கான பிளாட்டினம் அங்கீகாரத்தைத் தொட 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனாலும் ராப்பில் சிறந்த முதல் ஆல்பம் எது என்று யார் பேச உட்கார்ந்தாலும் இந்தப் பெயர் வந்தே தீரும், 2021இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அதைச் சேர்த்துக்கொண்டது.

பீட் போட்டவர்கள் யார் என்று பார்த்தால் உனக்குத் தலை சுற்றும்: டிஜே பிரீமியர், பீட் ராக், கியூ-டிப், லார்ஜ் புரொஃபசர், எல்.ஈ.எஸ். ஒரே ஆளோ ஒரே குழுவோ முழு ஆல்பத்தையும் பார்த்துக்கொள்வது வழக்கமாக இருந்த காலம் அது. இத்தனை பெரிய கைகள் சேர்ந்தும் ஆல்பம் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு போகவில்லை. காரணம், பாடுகிறவர் தன் பிளாக்கை விட்டு நகரவே இல்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

அந்த பிளாக் நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ், 1939இல் திறந்த அரசாங்க அடுக்குமாடி வீடுகள், அந்த வகையில் அமெரிக்காவிலேயே பெரிய குடியிருப்பு. செலவு மிச்சம் பிடிக்க அங்கே லிஃப்ட் ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் மாடிகளில் மட்டும் நிற்கும்படி கட்டினார்களாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பிளாக்கும் அப்படித்தானே, லிஃப்ட் நிற்காத மாடியில் இருந்த எங்கள் பாட்டி அரிசி மூட்டையோடு பாதிப் படியில் உட்கார்ந்து யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார், நீ அப்போது பிறக்கவில்லை. மற்றபடி அவர்கள் வாழ்க்கை வேறு, நம் வாழ்க்கை வேறு. 1992இல் நாஸின் உயிர் நண்பரைச் சுட்டுக் கொன்றார்கள், அதே இரவில் நாஸின் தம்பிக்கும் குண்டு பட்டது. அதையெல்லாம் இரவல் வாங்கி நம் பிளாக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியான வாய்ட் டெக்கில் நின்று துப்பாக்கிப் பாட்டு பாடினால் காமெடியாகிவிடும்.

'ஒன் லவ்' பாட்டைக் கேள். சிறையில் இருக்கும் நண்பனுக்கு எழுதும் கடிதம் அது. உனக்குப் பையன் பிறந்திருக்கிறான், உன் ஜாடையாமே, ஆமாம் உன் ஆள் ஏன் உனக்குக் கடிதம் போடுவதில்லை, வெளியில் யார் யார் கட்சி மாறிவிட்டார்கள் என்று ஊர்க்கதை. கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனோடு பேச்சு, அந்த வயதிலேயே அவன் பேசுகிற பேச்சு நமக்குப் பகீர் என்கிறது. அறிவுரை சொல்ல வேண்டிய இடத்தில்கூட நாஸ் மேடை ஏறுவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்துதான் பேசுகிறார். மூன்றாவது டிராக் முடியும்போது கேட்கும் கார்னெட் (டிரம்பெட் மாதிரி ஒரு ஊதுகருவி) அவர் அப்பா ஊலு டாரா வாசித்தது. விருந்தாளியாக வந்து ராப் செய்தவர் ஏஸி (AZ) என்ற ராப்பர் ஒருவர்தான். எல்பி இசைத்தட்டின் இரண்டு பக்கங்களுக்கும் பெயர்கூட குவீன்ஸ்பிரிட்ஜ் தெருக்களின் எண்ணை வைத்துத்தான், 40 ஒரு பக்கம், 41 மறுபக்கம்.

நம் பக்கம் யோகி பி-யும் நட்சத்திராவும் 2006இலேயே மலேசியாவிலிருந்து 'வல்லவன்' என்று முழு ஆல்பமே போட்டார்கள். இங்கே லேடி காஷ், யங் ராஜா எல்லாரும் பெயர் வாங்கியது என் காதுக்கு எட்டியவரை பெரும்பாலும் தனிப் பாட்டுகளாலும் சினிமாவாலும்தான். குறை சொல்லவில்லை. ஆனால் நம் பிளாக்கை ஒரு ஆள் நாற்பது நிமிடம் உட்கார்ந்து சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை. வாய்ட் டெக்கில் ஒரு பக்கம் சாவு வீடு, அடுத்த பிளாக்கில் மலாய்க் கல்யாணம்; இரண்டு பேரும் சத்தத்தைக் குறைத்துக்கொள்வார்களே, அதை யார் எழுதுவது? தங்ளின் ஹால்ட் மாதிரி ஒரு பேட்டையே காலிசெய்யப்பட்டு, அறுபது வயதுக்கு மேல் புது பிளாக்கில் புது முகங்களோடு லிஃப்ட் ஏறும் தாத்தாவை? மூன்று நிமிட சிங்கிளில் அவர் அடங்க மாட்டார்.

இன்னொன்று. 'என்.ஒய். ஸ்டேட் ஆஃப் மைண்ட்' தொடக்கத்தில், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லையே என்று நாஸ் முணுமுணுப்பது அப்படியே பதிவாகியிருக்கும், அடுத்த நொடி மூச்சு விடாமல் கொட்டித் தீர்ப்பார். நீயாக இருந்தால் அந்த முணுமுணுப்பை வெட்டியிருப்பாய், அப்புறம் குரலைச் சுருதி சேர்க்கும் ஆட்டோடியூன் வேறு போட்டிருப்பாய்.

ஷஃபிளை அணைத்துவிட்டு, முதலில் ஓடும் ரயில் சத்தத்திலிருந்து வரிசையாகக் கேள். ஹெட்ஃபோனில் கேள், ஸ்பீக்கரில் போடாதே. கெட்ட வார்த்தை ஏகப்பட்டது, சித்தி காதில் விழுந்தால் திட்டு எனக்குத்தான்.